பத்தாயிரம் சுற்று

புந்தா அரேனாஸில் தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
காற்று வெறிகொள்ளும் நாளில் பிடித்து நடக்க.
ஒரு கையில் கயிறு. இன்னொரு கை
கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்தபடி
தீர்வையில்லாச் சந்தையில்
அரை மாத வருமானத்துக்கு வாங்கிய ஹார்ட் டிஸ்க்கை.
"நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று" என்றான் மிலென்கோ.
"வெளியே அடிக்கிறதே, அதைவிடவா?" என்றாள் யத்ராங்கா.
அவன் சிரிக்கவில்லை. ரசீதைக் கிழித்து நீட்டினான்.

கம்ப்யூட்டரை ஒருக்களித்துப் படுக்கவைத்து
பக்கத் தகட்டைக் கழற்றினாள்.
விசிறியின் இதழ்களில் ஐந்து வருஷத் தூசி
கம்பளி போலத் திரண்டிருந்தது.
கிள்ளி எடுத்து மோந்து பார்த்தாள்.
ஆட்டு வாடை இல்லை. இருந்திருந்தால் நியாயம்.

பழைய டிஸ்க்கை எடுக்கவில்லை. விண்டோஸ் அதில்தான் குடியிருக்கிறது.
அதற்குக் கீழே காலியறை.
திருகாணி நான்கு வேண்டும், மூன்றுதான் பையில்;
நான்காவதை டிவிடி டிரைவிடம் கடன் வாங்கினாள்.
ஒயரைச் செருகும் இடம் கண்ணுக்கு எட்டவில்லை.
விரல்நுனியால் தடவித் தடவி
‘ட’ போல மடங்கிய சின்னப் பள்ளம் பிடிபட்டதும்
க்ளிக்.

ஆனால் பாருங்கள், திரையில் பழையது மட்டும்தான்.
ஒரு மணி நேரம் மெனு மெனுவாக இறங்கி
கடைசியில் ஒரு மூலையில் கண்டாள்:
கறுப்புப் பட்டை போட்ட, ஒன்றுமே எழுதப்படாத இடம்.
பெயர் கேட்டது. "காற்று" என்று தட்டினாள்.
வேறென்ன வைப்பாள் இந்த ஊர்க்காரி.
அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த சீழ்க்கைக்கு
இப்போது ஒரு வேலை.

சோதித்துப் பார்க்கக் கைக்கெட்டிய டேப்:
ஜனவரியில் நடந்த ஆட்டுக் கம்பளிக் கத்தரிப்புப் போட்டி.
இறுதிச் சுற்று. அண்ணன் ஸ்லாவ்கோவுக்கும்
போர்வெனீரிலிருந்து படகேறி வந்த எலியேசர் பாரியாவுக்கும்.
யார் முதலில் கை தூக்கியது என்று கூட்டம் இரண்டுபட்டபோது
நடுவர்கள் மூவரும் இந்த அறைக்குத்தான் வந்தார்கள்.
பூட்ஸ் சேற்றோடு இந்தத் திரை முன் நின்றார்கள்.
ஆட்டின் மேல் குனிந்த இரண்டு முதுகு.
அடுத்த கணம், தூக்கிய இரண்டு கை.
நடுவே எதுவும் இல்லை.
சமம் என்றார்கள். பரிசுச் சேணம் ஒன்றுதான்;
ஆளுக்கு ஆறு மாதம். ஜூன் வரை ஸ்லாவ்கோவுக்கு.

இன்று டேப் ஓடி முடிந்ததும் திரை சொன்னது:
விடுபட்ட பிரேம்கள், பூஜ்யம்.
அன்று அந்த இடத்தில் என்ன எண் இருந்தது?
அவள் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

அம்புக்குறியை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
நொடிக்கு முப்பது பிரேம்.
குனிந்த இரண்டு முதுகு.
பாரியாவின் கை, இடுப்பை விட்டுக் கிளம்புகிறது.
பாரியாவின் கை, தோளருகே.
ஸ்லாவ்கோவின் மெஷின் இன்னும் ஆட்டின் பின்னங்காலில்.
பாரியாவின் கை, தொப்பிக்கு மேல்.
அப்புறம், அப்புறம்தான் அண்ணன்.
ஐந்து பிரேம். கண் பாதி மூடியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய டிஸ்க் தன் அறையில் கடகடத்தது.
பொய் எழுதவில்லை அது.
மூச்சிரைக்க ஓடி, எட்டாததை விட்டுவிட்டது.
பொய் சொன்னது யார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள்;
ஆள் அகப்படவில்லை.

அழிக்க ஒரு பொத்தான் போதும்.
டேப்பின் மேல் சனிக்கிழமைக் கல்யாணத்தைப் பதிந்துவிடலாம்.
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
போனை எடுத்தாள்.

"ஸ்லாவ்கோ, சேணத்துக்கு எண்ணெய் போட்டு வை."
"ஜூன் வரை என்னிடம்தானே? இப்போது மார்ச்."
"போர்வெனீர் படகு காலையில் எத்தனை மணிக்கு?"
மறுமுனையில் பேச்சில்லை. அவன் வீட்டு ஜன்னல்
அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்.
"காற்றடித்தால் படகு போகாது" என்றான் கடைசியில்.
"நின்றதும் போ."